‘ஆமாங்க’வை நம்பாத புஷ்பராணி

“சேர், புஷ்பா மிஸ் போயிட்டாங்க” என்று எங்கள் காரியாலயத்துக் கலா தொலைபேசியில் சொன்னபோது, “எங்கே?” என்று கேட்டேன். கலா அழத் தொடங்கினார். இரண்டொரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் வீட்டுக்குப் போய்விட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். “வீட்டுக்குத்தானே?” என்று கேட்டிருந்தால் கலா அழுகையோடு அழுகையாக “ஆமாங்க” என்று சொல்லியிருக்கவும் கூடும். நானும் பிற்பகலில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன். “எங்கே?” என்று கேட்டதால் உண்மை உடனே தெரிந்தது. அப்படிக் கேட்கும்படி என்னைப் பழக்கியவரே இறந்துபோனவர்தான்.

பத்திரிகைக் குறிப்புகள் புஷ்பராணியைக் ‘கணினித்துறை முன்னோடி’ என்கின்றன. முன்னோடி என்றால் முன்னால் ஓடியவர். அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், அவர் ஓடியதை யாரும் பார்த்ததில்லை. எதிரில் இருப்பவர் பதில் சொல்லி முடிக்கும்வரை நகராமல் நிற்பதுதான் அவருடைய திறமை. அந்த நிற்றலால் ஒரு குடும்பத்துக்கு வீடு தங்கியது, ஒரு கணினிக்குப் புத்தி வந்தது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அவர் பிறந்தது மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். பதுளையில் படித்து, கொழும்பில் கணினி கற்று, தொண்ணூறுகள் முழுவதும் அங்கேயே ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தார். அந்நாட்களில் தலைநகரில் தமிழர்களிடம் கேள்வி கேட்பதற்குச் சந்திக்குச் சந்தி ஆட்கள் நின்றார்கள். ஒரு மாலை வேலை முடிந்து களைத்து வந்தவரிடம் சோதனைச் சாவடியில், “நேற்றுத்தானே பதுளையிலிருந்து வந்தாய்?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் கொழும்புக்கு வந்து வருடக்கணக்காகியிருந்தது. ஆனாலும் தலையாட்டி வைத்தார். அந்தத் தலையாட்டலை விளக்கி முடிக்கும்வரை பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார வேண்டியிருந்தது.

“பதில முடிவு பண்ணிட்டுக் கேக்கிறவங்ககிட்ட நாம என்ன சொல்றது? நமக்கு மிச்சம் வைக்கிறது கழுத்த மட்டுந்தான், ஆட்டுறதுக்கு” என்பார். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவர் சிரிப்பு எப்போதும் யாராவது ஒருவரைக் குறிபார்த்தே இருக்கும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் பதுளைக்கு ஒரு கணினி வந்து சேர்ந்தது. தோட்ட மக்கள் தமிழில் கேள்வி கேட்கலாம், கணினி தமிழில் பதில் சொல்லும் என்பது திட்டம். திட்டத்துக்கு உதவியவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். கணினி பஸ் நிலையத்துக்கு அருகே ரஹீம் நானாவின் புடவைக்கடை மாடியில் இருந்தது. எங்கள் நிறுவனத்தின் துண்டுப்பிரசுரத்தில் ‘செயற்கை அறிவு’ என்று அச்சிட்டிருந்தோம். நானா அதை வாசித்துவிட்டு, “செயற்கையா? நல்லது. இயற்கையா இருக்கிறது இந்த டவுனுக்குக் காணாமத்தான் கெடக்கு” என்றார்.

அந்த அறிவு வேலை செய்த விதம் எளிமையானது. வருகிறவர் சொல்வதைக் கலா தட்டச்சு செய்வார். செயலி அதிலுள்ள சொற்களைப் பொறுக்கி, நாங்கள் முன்கூட்டியே எழுதிவைத்த பதில்களில் எது அதிகம் பொருந்துகிறதோ அதைத் திரைக்குக் கொண்டுவரும். கலா அதை உரக்க வாசிப்பார். கடைசியில் “பதில் திருப்தியா?” என்று கணினி கேட்கும். வந்தவர் சொல்வதைக் கலா மீண்டும் தட்டச்சு செய்வார். புஷ்பராணி செயலியைப் பராமரிப்பதற்காக வேலைக்குச் சேர்ந்தார். நான் பதில்களை எழுதினேன். அவற்றைத் திருத்துவதற்கு நாகலிங்கம் ஐயா இருந்தார்.

நாகலிங்கம் ஐயா யாழ்ப்பாணத்தவர். அரசாங்க மொழிபெயர்ப்பாளராக வாழ்நாள் முழுவதும் பதுளையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பிறப்பை எங்கே பதிவது என்று நான் எழுதி அனுப்பினால், அது “தாங்கள் வினவிய விடயம் தொடர்பில் அறியத்தருவதாவது” என்று தொடங்கித் திரும்பி வரும். வந்தவர்களில் பாதிப்பேர் ‘அறியத்தருவதாவது’ என்ற இடத்திலேயே எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஐயாவுக்கு அது தமிழுக்குக் கிடைத்த மரியாதையாகப் பட்டது.

ஒருநாள் அவரே கணினியைச் சோதித்துப் பார்த்தார். “பதில் திருப்தியா?” என்று அது கேட்டதும் தம் ஊர் வழக்கப்படி “ஓம்” என்று தட்டினார். கணினி கொஞ்சம் யோசித்துவிட்டு, கோயில் திருவிழாக்கள் பற்றித் தன்னிடம் தகவல் இல்லை என்று வருத்தம் தெரிவித்தது.

“இஞ்ச பாரும் பிள்ளை, உம்மட மிசினுக்கு ஓம் எண்டா விளங்கேல்லை.”

“விளங்காட்டி நல்லதுதாங்க ஐயா. ஆமாங்க-ன்னா அதுக்கு நல்லா விளங்குதே, அதுதான் எனக்குக் கவலையா இருக்கு” என்றார் புஷ்பராணி.

அன்று அந்தக் கவலை எங்களில் வேறு யாருக்கும் இருக்கவில்லை. வெலிமடையிலிருந்து வந்த ஒருவர் உருளைக்கிழங்குக்கு நோய் கண்டிருக்கிறது என்றபோது, கணினி ‘நோய்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, வெளிநோயாளர் பிரிவு காலையில் திறக்கும், நோயாளியை வெறும் வயிற்றில் அழைத்து வரவும் என்றது. திருப்தியா என்று கேட்டதற்கு அவர் “ஆமாங்க” என்று சொல்லி இறங்கிப் போனார். கிழங்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரா என்பது தெரியாது. எங்கள் அறிக்கையில் அவர் திருப்தியடைந்தவர். பெரகலயில் இருந்து வந்தவர், பசறையில் இருந்து வந்தவர், வழி தவறி மாடிக்கு ஏறி வந்தவர் என்று எல்லோருமே திருப்தியடைந்திருந்தார்கள். எங்கள் நிறுவனப் பணிப்பாளர் அந்த அறிக்கையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. துரை கேட்டாலும் கங்காணி கேட்டாலும் டொக்டர் கேட்டாலும், கேள்வி காதில் விழுந்துவிட்டது என்பதைத் தெரிவிக்கும் ஒலி ஒன்று உண்டு. அதுதான் ஆமாங்க. அதற்குமேல் அதில் பொருள் தேடுவது தேடுகிறவரின் பொறுப்பு. நாங்கள் அதை எண்ணி, கூட்டி, வரைபடமாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஆனால் இந்த நோய் லயத்தோடு நிற்கவில்லை. ஒருமுறை கொழும்பிலிருந்து ஓர் உயரதிகாரி பார்வையிட வந்தார். அன்று பார்த்து எழுத்துரு கெட்டுப்போய், திரை முழுவதும் கொக்கியும் வளையமும் கேள்விக்குறியுமாகக் கிடந்தது. எந்த மொழியிலும் ஒரு சொல்லாவது அதில் இல்லை. அதிகாரி தமிழ் நன்றாக வாசிப்பார் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, மேலிருந்து கீழாக நிதானமாக வாசித்து, “மிகத் தெளிவாக இருக்கிறது” என்றார். பணிப்பாளர் நன்றி சொன்னார். புஷ்பராணி என் காதருகே, “லயத்தில வாயால சொல்றாங்க, காரியாலயத்தில டையக் கட்டிக்கிட்டுச் சொல்றாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார்.

லெட்சுமி வந்தது அதற்குப் பிறகுதான். மடுல்சீமைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்த பெண், நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் அவரை நம்பி லயத்தில் இருந்தார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காராமல், கணினியைப் பார்த்துக் கும்பிட்டு, “எனக்குப் பேர் இல்லைன்னு சொல்லிட்டாங்க சேர்” என்றார். கலா அப்படியே தட்டச்சு செய்தார். கணினி ‘பேர்’, ‘இல்லை’ என்ற இரண்டையும் பிடித்தது. பிறப்புச் சான்றிதழில் பெயர் பதியப்படாதிருந்தால் பதிவாளரிடம் போய் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதை, நாகலிங்கம் ஐயாவின் திருத்தங்களோடு, முழுமையாகச் சொன்னது.

“பதில் திருப்தியா?”

“ஆமாங்க சேர்.”

சில நாள் கழித்து அவர் மீண்டும் வந்தார். பொழுதெல்லாம் பதிவாளர் காரியாலயத்தில் காத்திருந்ததைச் சொன்னார். அதில் கோபம் துளியும் இல்லை. நாங்கள் சொன்னதை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டதை அறிவிக்கும் தோரணைதான் இருந்தது.

“நீங்க சொன்ன மாதிரியே போனேங்க. பொறந்த பத்திரத்தில என் பேரு சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஆனா பேர் இல்லீங்களே, என்ன செய்யிறது?”

கலா என்னைப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன். பக்கத்து மேசையிலிருந்து புஷ்பராணி எழுந்து வந்தார்.

“அக்கா, செக்ரோல்ல பேர வெட்டிட்டாங்களா?”

தோட்டத்தில் ஒருவருக்குப் பேர் இருக்கிறது என்றால், செக்ரோல் என்னும் வேலைப் பதிவில் அவர் இருக்கிறார், நாளைக் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போனால் வேலை கிடைக்கும் என்று பொருள். அரைநாள் வேலைக்கு அரைப்பேர் என்பார்கள். குடும்பத்தில் ஒருவருக்காவது பேர் இருந்தால்தான் லயத்தில் காம்பரா, அதாவது குடியிருக்க அறை. லெட்சுமியின் வீட்டில் பேர் இருந்தது அவருக்கு மட்டுமே. இதையெல்லாம் தெரிந்த ஒருவர் எங்கள் மாடியிலேயே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். கணினியிடம் மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை.

“ஆமாங்க” என்றார் லெட்சுமி.

வேறு யாராக இருந்தாலும் அந்த ஆமாங்கவோடு விஷயம் முடிந்திருக்கும். புஷ்பராணி நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். “அத விடுங்க அக்கா. எப்ப வெட்டினாங்க? யாரு சொன்னா? அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

ஆமாங்க சொல்ல வழியில்லாத கேள்விகள். லெட்சுமி முதன்முறையாக உட்கார்ந்தார். கதை வந்தது. வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பிப் போனபோது பேர் இல்லை என்றார்கள். அவராகவே வேலையை விட்டுவிட்டதாகப் பதிவு இருக்கிறது, இந்த மாத முடிவுக்குள் காம்பராவை விட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். “நான் விடலீங்க. எப்ப விட்டேன்னு எனக்கே தெரியலீங்க.”

புஷ்பராணி அன்றே அவரைத் தொழில் காரியாலயத்துக்கு அழைத்துப் போய் முறைப்பாடு கொடுக்க வைத்தார். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். பணிப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. “நாங்கள் தகவல் சொல்லும் நிறுவனம். வழக்காடும் நிறுவனம் அல்லவே” என்றார்.

“தகவல்தாங்க சேர் சொல்லப் போறேன். தப்பான தகவல நம்ம பெட்டி சொல்லிருச்சு. அதச் சரியான எடத்தில போய்த் திருத்தணும்ல?”

விசாரணை அதிகாரி சிங்களவர், நிதானமானவர். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்று புஷ்பராணி நாகலிங்கம் ஐயாவைக் கூட்டி வந்திருந்தார். நானும் பின்னால் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தோட்டத்தின் சார்பில் பெரிய கிளாக்கர் வந்திருந்தார். அவரும் தமிழர்தான். அவர் பதற்றப்படவில்லை. பதற்றப்பட அவருக்குக் காரணமும் இருக்கவில்லை.

“சேர், நாங்க ஞாயமா கேட்டுத்தான் செஞ்சோம். இவங்க ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வந்தப்போ நானே கேட்டேன். ‘இனிமே மலையேற ஏலாதுதானே, வேலைய விடுறதுதானே?’ன்னு. ஆமாங்க-ன்னாங்க. எழுதிக்கிட்டேன். பொய்யின்னா அவங்களையே கேளுங்க.”

நாகலிங்கம் ஐயா அதை மொழிபெயர்த்தார். அதிகாரி லெட்சுமியின் பக்கம் திரும்பிக் கேட்டார். ஐயா அதைத் தமிழாக்கினார்: “அப்பிடிச் சொன்னீரா?”

லெட்சுமி எழுந்து நின்றார். “ஆமாங்க.”

பெரிய கிளாக்கர் இரண்டு கைகளையும் விரித்தார். காம்பரா கைநழுவிப் போவதை அறையில் இருந்த எல்லோரும் பார்த்தோம். லெட்சுமியும் பார்த்தார். ஆனால் கேட்டவர் ஓர் அதிகாரி, கேட்கப்பட்டவர் நின்றுகொண்டிருந்தார். அந்த நிலையில் அவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

புஷ்பராணி எழுந்து, தான் சில கேள்விகள் கேட்கலாமா என்று அதிகாரியிடம் சிங்களத்தில் அனுமதி கேட்டார். கிடைத்தது.

“அக்கா, நீங்க வேலைய விட்டுட்டீங்களா?”

“ஆமாங்க.”

“வேலைய விடலையா?”

“ஆமாங்க.”

பெரிய கிளாக்கர் முகத்தில் சின்ன அசைவு தெரிந்தது. புஷ்பராணி குரலை மாற்றாமல் அடுத்ததைக் கேட்டார்.

“நான்தான் உங்க தோட்டத்துத் துரையா?”

லெட்சுமி ஒரு கணம் தயங்கினார். புஷ்பராணியை ஏற இறங்கப் பார்த்தார். மரியாதை வென்றது. “ஆமாங்க.”

ஐயா மூன்றையும் மொழிபெயர்த்தார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஐயாவிடமே கேட்டார், இந்த அம்மா சொல்லும் சொல்லுக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று.

நாகலிங்கம் ஐயா அந்தச் சொல்லை உத்தியோக காலம் முழுவதும் ‘ஆம்’ என்று மொழிபெயர்த்தவர். எத்தனை விசாரணைகள், எத்தனை வாக்குமூலங்கள் என்று அவருக்கே நினைவிருக்காது. அவர் எழுந்து நின்று, சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு சிங்களத்தில் சொன்னார். பிறகு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார்: “ஐயா, அது மரியாதை. அதுக்குள்ள பதில் இல்லை.”

அவர் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே சிறந்தது அது என்று நான் நினைக்கிறேன். மூலத்தைவிடத் தெளிவாக இருந்தது.

புஷ்பராணி கடைசியாக ஒன்று கேட்டார். “அக்கா, வேலைக்கு எப்ப வருவீங்க?”

“நாளைக்கே வாறேங்க” என்றார் லெட்சுமி. கொஞ்சம் யோசித்து, “தையல் பிரிச்சதும் வரலாம்னு டாக்டர் சொன்னாரு. பிரிச்சாச்சு. கூடையெல்லாம் சரி பண்ணி வச்சிருக்கேன்” என்றும் சேர்த்தார். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பெரிய கிளாக்கர்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு கேள்வியைத் தப்பாகக் கேட்டார், வந்த பதில் வசதியாக இருந்தது. அந்த வாரமே பேர் திரும்பி வந்தது. காம்பராவும் இருந்தது. விசாரணை முடிந்து படிக்கட்டில் இறங்கும்போதே பெரிய கிளாக்கர், “மிஸ், இனிமே ஆருகிட்டயும் ஒன்னும் கேக்கப் பயமா இருக்கு” என்றார். “பயப்படாதீங்க. ‘தானே’ போடாம கேளுங்க, போதும்” என்றார் புஷ்பராணி.

அடுத்த நாள் காலை அவர் கணினியைக் கழற்றிக் கூறுபோட்டார் என்றுதான் சொல்லவேண்டும். உள்ளே இருந்த எல்லாக் கேள்விகளையும் எடுத்து வைத்து, ஆமாங்க சொல்லித் தப்பித்துக்கொள்ளக்கூடியவற்றை ஒவ்வொன்றாக வெட்டினார். ‘சரியா?’ போயிற்று. ‘புரிந்ததா?’ போயிற்று. ‘திருப்தியா?’ போனபோது பணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அந்த இடத்தில், “இங்கிருந்து இப்ப எங்க போவீங்க? அங்க போய் என்ன கேப்பீங்க?” என்று கணினி கேட்டது. வந்தவர் அதைத் தன் வாயால் சரியாகச் சொன்னால்தான் பதில் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பாயக்கூடாது, திருப்பிக் கேட்க வேண்டும் என்று வைத்தார். இதற்காக ஒரு வாரம் கீழே ரஹீம் நானாவின் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் நானா எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சேலை வேண்டும் என்றால் நானா ஒன்றையும் எடுத்துக் காட்டமாட்டார். “ஆருக்கு? என்ன விசேஷம்?” என்பார். புஷ்பராணி அதை அப்படியே மாடிக்குக் கொண்டுபோனார். நானாவுக்கு அதில் பெருமையில்லை. “ஒரு கிழமையா குந்திக்கிட்டு ஒரு கைலேஞ்சியாவது வாங்கினீங்களா மிஸ்?” என்று கேட்டார்.

நாகலிங்கம் ஐயா ‘அறியத்தருவதாவது’வைத் தாமாகவே கைவிட்டார். விசாரணைக்குப் பிறகு அவர் திருத்தித் தந்த முதல் பதில் “அம்மா, முதல்ல கிராம சேவகரிட்டப் போங்கோ” என்று தொடங்கியது. ‘போங்கோ’வை ‘போங்க’ ஆக்குவதற்குத்தான் இன்னொரு மாதம் பிடித்தது. அதை அவர் தம் இனத்தின் உரிமைப் பிரச்சினையாகக் கருதினார்.

பெரிய சண்டை ஒன்று மிச்சமிருந்தது. கணினிக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வைக்க வேண்டும் என்றார் புஷ்பராணி. பணிப்பாளர் எழுந்து கதவைச் சாத்தினார். “தெரியாது என்று சொல்வதற்கா வெளிநாட்டிலிருந்து கணினி கொண்டுவந்தோம்? நிறுவனத்தின் மானம் என்னாவது?”

“சேர், இந்தப் பதுளையில எந்தக் கந்தோருக்குப் போனாலும் தெரியாதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. அங்க போ, இங்க போன்னு அனுப்பி விடுவாங்க. தெரியாதத தெரியாதுன்னு சொல்ற பெட்டி ஒன்னாவது இருக்கட்டுமே.”

சாத்திய கதவுக்குள் நெடுநேரம் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது பணிப்பாளரின் டை ஒரு பக்கமாகப் போயிருந்தது. கணினிக்குத் தெரியாது என்று சொல்லும் உரிமை கிடைத்திருந்தது. அப்படிச் சொன்னால், யாருக்குத் தெரியும் என்பதையும் அது சொல்ல வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அந்த நிபந்தனை பணிப்பாளருடையது, நல்ல நிபந்தனை என்று புஷ்பராணி பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் இல்லாத இடத்தில்தான் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து லெட்சுமி மீண்டும் மாடிக்கு ஏறினார். மகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது பற்றி ஏதோ கேட்க வேண்டியிருந்தது. அவர் சொன்னதைக் கேட்டுக் கணினி, “நீங்கள் கேட்பது மகளின் புத்தகங்களைப் பற்றி என்று நினைக்கிறேன். எந்த வகுப்பு?” என்றது. கலா வாசித்து முடித்தார். லெட்சுமி வாயைத் திறந்தார். எங்களுக்கெல்லாம் அடுத்த சொல் தெரியும். ஆனால் அது வரவில்லை. அவர் திரையைப் பார்த்தார், புஷ்பராணியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“இல்லங்க. நான் கேட்டது அது இல்லீங்க” என்றார்.

கலா அதைத் தட்டச்சு செய்ய மறந்து உட்கார்ந்திருந்தார். கணினிக்குச் சொல்லப்பட்ட முதல் இல்லங்க அது. புஷ்பராணி கீழே இறங்கிப் போய், பஸ் நிலையத்துக் கடையிலிருந்து ஒரு பெரிய பார்சல் வடை வாங்கி வந்து, மாடியில் இருந்தவர்களுக்கும் புடவைக்கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கொடுத்தார். காரணம் கேட்ட ரஹீம் நானா நம்பவில்லை. “ஒருத்தி இல்ல என்டு சொன்னதுக்கா வடை? என்ட கடையில தெனமும் சொல்றாங்க. எனக்கு ஒருத்தனும் வடை தந்ததில்ல.”

மதிப்பீட்டுக்கு வெளிநாட்டார் வந்தபோது வரைபடத்தில் கோடு கீழே இறங்கியிருந்தது. முன்பு எல்லோரும் திருப்தியாக இருந்தார்கள். இப்போது பலருக்குப் பதில் போய்ச் சேரவில்லை என்று கணினியே ஒப்புக்கொண்டது. பணிப்பாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நேற்றுவரை எல்லோரும் திருப்தியாக இருந்தார்கள் என்று விளக்கினார்.

“நேத்து வரைக்கும் எல்லாரும் மரியாதையா இருந்தாங்க சேர்” என்றார் புஷ்பராணி.

அந்த நேரத்தில் பெரகலப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெரியவர் வந்து, சிக்கலான ஓய்வூதிய விஷயம் ஒன்றைக் கேட்டார். கணினி ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டுவிட்டு, இது எனக்குத் தெரியாது, தொழில் காரியாலயத்தில் இன்ன பிரிவில் கேளுங்கள் என்றது. பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். “பெட்டிக்கே தெரியலையாம். அப்ப நான் மடையன் இல்ல.” வந்திருந்த வெள்ளைக்கார அம்மா அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். ஐயா மொழிபெயர்த்தார். அந்த அம்மா வரைபடத்தை மூடி வைத்துவிட்டு அன்று முழுவதும் மாடியிலேயே உட்கார்ந்து கேள்வி கேட்க வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டம் நீடிக்கப்பட்டது. வேறு ஊர்களிலும் புஷ்பராணியின் கேள்விகளோடு கணினிகள் வைக்கப்பட்டன. எங்கள் கணினி பழசாகிப் புதியது வந்தது, அதுவும் பழசாகியது. கேள்விகள் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் பதுளையில் அந்த மாடிக்குப் போய்ப் பேர் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். “எந்தப் பேர்? பிறந்த பத்திரத்தில் உள்ளதா, செக்ரோலில் உள்ளதா?” என்று அது கேட்கும்.

போன வாரம் நகர மண்டபத்தில் அவருக்காக இரங்கல் கூட்டம் நடந்தது. உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். பணிப்பாளர் உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார். கலங்கியவர்களுக்கு வழக்கமான சொற்கள்தான் கைகொடுக்கும். “அமரர் புஷ்பராணி அமைதியே உருவானவர். எவருடனும் முரண்பட்டதில்லை. நிறுவனம் சொன்னதை மறுபேச்சின்றி ஏற்று நடந்தவர். அப்படித்தானே?” என்று சபையைப் பார்த்துக் கேட்டார்.

கேள்வி தப்பாகக் கேட்கப்பட்டிருந்தது. முன்வரிசையில் தலைகள் ஆடத் தொடங்கின. நாகலிங்கம் ஐயாகூட, முதுமையின் காரணமாக இருக்கலாம், “ஓம்” என்று முணுமுணுத்தார்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். வெள்ளைச் சேலை, கையில் பை. மடுல்சீமையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

“இல்லங்க” என்றார் லெட்சுமி. “உங்ககூடச் சண்ட போட்டாங்க. தோட்டத்துக் கிளாக்கர்கூடச் சண்ட போட்டாங்க. எனக்காகத்தான் போட்டாங்க. அதனாலதான் எனக்குக் காம்பரா இருக்கு. அதையும் சொல்லுங்க சேர்.”

பணிப்பாளர் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார். தண்ணீர் குடித்தார். பிறகு, சாத்திய கதவுக்குள் அன்று நடந்த சண்டையை ஒன்றுவிடாமல் சொன்னார், தாம் தோற்றதையும் சேர்த்து. மண்டபம் சிரித்தது. இரங்கல் கூட்டத்தில் அவ்வளவு சிரிப்பை நான் கேட்டதில்லை. புஷ்பராணி இருந்திருந்தால் வடை வாங்கப் போயிருப்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, கலாவிடம் நான் கேட்ட அந்த “எங்கே?” அதை இனி எல்லோரிடமும் கேட்பேன். மற்றது, லெட்சுமியின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல். அன்று நாகலிங்கம் ஐயா ஆமாங்கவை மொழிபெயர்த்தபோது அதில் மரியாதை மட்டும்தான் இருந்தது. இந்த இல்லங்கவில் மரியாதையும் இருந்தது, பதிலும் இருந்தது.